முன்விரோதம் என்று எழுதினால் சாதி எங்கே போகும்?

(சட்டம் படிக்கும் மாணவர்களும் களத்தில் வேலை செய்யும் இளைஞர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



சட்ட ஆவணங்கள் எளிய மொழியில் இருக்க வேண்டும் என்று பேசினால், உடனே நமக்கு உயர் நீதிமன்றத்தின் ஆங்கிலம்தான் நினைவுக்கு வரும். சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. இன்னும் அது நடக்கவில்லை. அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால் நான் பேச வந்தது ஏற்கெனவே தமிழில் எழுதப்படுகிற ஓர் ஆவணத்தைப் பற்றி. காவல் நிலையத்தில் பதிவாகிற முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். தமிழில் இருந்தும் அது நம் மக்களின் மொழியில் இல்லை.

ஒரு பெண் காவல் நிலையத்துக்கு வந்து இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "காலையில டீக்கடை முன்னால நின்னுக்கிட்டு இருந்தேன். எங்க ஊருக்காரர்தான், என்னை நல்லா தெரியும். என் சாதியைச் சொல்லி, உனக்கு இங்க என்னடி வேலைன்னு கேட்டாரு. முடியைப் பிடிச்சு இழுத்து அடிச்சாரு. கடையில நாலஞ்சு பேரு பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

காகிதத்தில் ஏறுவது இது: "மேற்படி எதிரி முன்விரோதம் காரணமாக வாதியை வழிமறித்து, ஆபாச வார்த்தைகளால் திட்டி, கையால் தாக்கி, கொலை மிரட்டல் விடுத்துள்ளார்."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதிப் பெயர் 'ஆபாச வார்த்தை' ஆகிவிட்டது. டீக்கடை காணோம். பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பேரைக் காணோம். அவர் சொல்லாத 'முன்விரோதம்' வந்து உட்கார்ந்துகொண்டது.

இதை வெறும் நடைப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகளின்படி, அவமதிப்பும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதும் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். பொதுமக்கள் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் நடந்த அவமதிப்பு இதில் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியென்றால் அந்த டீக்கடையும் அந்த நாலைந்து பேரும் குற்றத்தின் உறுப்புகள். அவற்றை வெட்டினால் வழக்கின் காலை வெட்டியதாக அர்த்தம்.

"என்னை நல்லா தெரியும்" என்ற சொற்களும் அப்படித்தான். பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம் சாட்டப்பட்டவருக்கு நேரில் தெரியும் என்றால், அவருடைய சாதியும் தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பாடு. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 8(c) பிரிவு இது. 'முன்விரோதம்' என்ற ஒற்றைச் சொல்லோ, சாதித் திமிரை இரண்டு பேருக்கு இடையிலான பகையாக மாற்றி, ஜாமீன் மனுவுக்கு வாதம் எடுத்துக் கொடுக்கிறது.

சட்ட மொழி துல்லியமானது, பேச்சு மொழியில் எழுதினால் குழப்பம் வரும் என்பார்கள். இங்கே துல்லியம் அந்தப் பெண்ணின் பேச்சில்தான் இருக்கிறது. இடம், நேரம், சாட்சி, சொன்ன சொல் எல்லாமே அதில் உண்டு. குழப்பம் நிலையத்தின் நடையில் இருக்கிறது. தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு இரண்டே வாக்கியம். நறுக்கென்று எழுதச் சட்டத்துக்கும் தெரியும்.

இதில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அதே சட்டத்தின் 4(2) பிரிவு சொல்கிறது: வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிய பிறகு, கையெழுத்து வாங்கும் முன் அதைப் புகார்தாரருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், பதிவானதன் நகலை உடனே கொடுக்க வேண்டும். பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத ஓர் அரசு ஊழியர் இந்தக் கடமையை வேண்டுமென்றே செய்யாவிட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. அதாவது, வாசித்துக் காட்டுவது அதிகாரி காட்டுகிற கருணை அல்ல, அவருடைய கடமை.

ஆனால் 'மேற்படி எதிரி' என்று கடகடவென்று வாசித்தால் யாருக்குப் புரியும்? தலையாட்டிவிட்டுக் கைநாட்டு வைப்பார்கள். அதனால் யாராவது ஒருவரோடு நிலையத்துக்குப் போகும்போது மூன்று வேலைகளைச் செய்யுங்கள்.

முதலில், புகாரை எழுத்தில் கொண்டுபோங்கள். அவர் சொன்னபடியே, 'நான்' என்றே எழுதுங்கள். படித்த பிள்ளைகள் எழுதித் தருகிற மனுக்களிலும் 'மேற்படி' நடை புகுந்துவிடுகிறது. அதை விடுங்கள். என்ன சொல்லித் திட்டினார்களோ அந்தச் சொல்லையே எழுதுங்கள். அதைத் திரும்பச் சொல்வது அவருக்கு வலிக்கும். அவசரப்படுத்தாமல், ஏன் எழுத வேண்டும் என்று விளக்கிச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

அடுத்து, எஃப்.ஐ.ஆர் எழுதியதும் வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். சாதிப் பெயர், இடம், பார்த்தவர்கள், அறிமுகம் ஆகிய நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். சொல்லாத சொல் இருந்தால் திருத்தும் வரை கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கடைசியாக, நகல் இல்லாமல் திரும்பாதீர்கள். மனு ரசீது எஃப்.ஐ.ஆர் ஆகாது. விசாரித்துவிட்டுத்தான் பதிவோம் என்றால், முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிற 18A பிரிவைச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால், 1995ஆம் ஆண்டு விதிகளில் 5(3)இன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள்.

எளிய மொழி வேண்டும் என்பது படிக்காதவர்களுக்காகக் கேட்கிற சலுகை அல்ல. தனக்கு நடந்ததைத் தன் வார்த்தையிலேயே பதிய வைக்கிற உரிமை அது. அந்த உரிமை முதலில் பறிபோகும் இடம் நீதிமன்றம் அல்ல, நிலையத்தில் எழுதுகிறவரின் மேசை. அங்கே நாம் பக்கத்தில் நிற்க வேண்டும்.