ரோயாக்கையும் காப்போம்

இங்கிலாந்தின் பழைய கிராமத்து மதுக்கடையான 'பப்' கட்டடத்தில் அரண்மனைக்குரிய எதுவும் இல்லை. தலையில் இடிக்கும் ஓக் மர உத்தரங்கள், பக்கத்தில் ஆள் உட்காருமளவு அகன்ற கணப்பு, தெருவிலிருந்து நேரே நுழையும் கதவு, அவ்வளவுதான். ஆனால் இந்த அமைப்புதான் பண்ணையாளையும் பாதிரியாரையும் ஒரே கூரையின்கீழ் பேச வைத்தது. ஊர் கூடிப் பேச இடம் தரும் சாதாரணக் கட்டடமும் பாரம்பரியச் சொத்துதான் என்பதே என் வாதம். அதற்கான சான்று கொல்கத்தாவில் நம் லேக் மார்க்கெட்டிலேயே இருக்கிறது.

கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் 1920களில் ஏரியை வெட்டி, தெருக்களை அமைத்த பிறகு வளர்ந்த பேட்டை இது. தமிழர்கள் குடியேறியபோது இங்கே தெருவை ஒட்டி வீடுகள் இருந்தன. பல வீடுகளின் முகப்பில் ரோயாக் இருந்தது. நம் ஊர்த் திண்ணைக்குத் தூணும் கூரையும் உண்டு. ரோயாக்குக்கு இரண்டும் கிடையாது. முழங்கால் உயரத்தில், சிவப்பு சிமென்ட் பூசிய ஒடுங்கிய மேடை. முதுகுக்குச் சுவர், காலடியில் தெரு. உட்காருபவர் வீட்டுக்குள் நுழைய வேண்டாம், எதுவும் வாங்கவும் வேண்டாம். மாலை அரட்டைக்கு வேறென்ன வேண்டும்? புதிய அடுக்ககங்களில் அந்த இடத்தைக் கார் நிறுத்தமும் இரும்புக் கேட்டும் பிடித்துக்கொண்டன. எழுத்தாளர் அமித் சௌதுரி இத்தகைய வீடுகளைக் காக்க 2015 முதல் குரல் கொடுத்து வருகிறார்.

நூறாண்டுகூட ஆகாத வீடுகளுக்கு என்ன பாரம்பரியம் என்று கேட்கலாம். லண்டன் கில்பர்னில் 1920களின் தொடக்கத்தில் எழுந்த கார்ல்டன் டேவர்ன் என்ற பப் 2015இல் அனுமதியின்றி இடிக்கப்பட்டது. செங்கல் பிசகாமல் திரும்பக் கட்டும்படி நகராட்சி உத்தரவிட்டது. 2021இல் அது மீண்டும் திறந்தது. வீடு தனியார் சொத்தாயிற்றே என்பது வலுவான ஆட்சேபம். வாரிசுகள் பலர், பராமரிப்புச் செலவு அதிகம், விற்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பப்பும் தனியார் சொத்துதான். அங்கே 2011ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனையைத் தடுப்பதில்லை. ஊராரின் சொத்தாகப் பட்டியலிட்ட கட்டடம் விற்பனைக்கு வந்தால், வாங்க முயல்வதற்கு ஊராருக்கு ஆறு மாத அவகாசம் தருகிறது. நாம் அவ்வளவுகூடக் கேட்க வேண்டியதில்லை. மாநகராட்சி புதுக் கட்டட அனுமதி தரும்போது தெருமுகப்பில் ஓர் உட்காரும் மேடையைக் கட்டாயமாக்கினால் போதும். மாடிகள் எத்தனை வேண்டுமானாலும் உயரட்டும், வாசலில் நாலு பேர் உட்கார இடம் இருக்கட்டும்.