மிதிவண்டிப் பயணமும் மகளிர் நீர்க்கடுப்பும்

(நம் சங்க மகளிர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய எமக்குச் சங்கத்தார் இன்று கொடுத்துள்ள பொருள் நீர்க்கடுப்பு. இதனைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், "ஐயா, கம்பரைப்பற்றிப் பேசுவீர்கள் என்றல்லவா வந்தோம்!" என்று நகைத்தார். எமக்கும் முதலில் நாணமே தோன்றிற்று. ஆயினும், அவையிற் கூறத்தகாத சொற்களை வேறு சொற்களால் மறைத்துக் கூறுதற்கு இடக்கரடக்கல் என்று பெயரிட்டு, நம் முன்னோர் இலக்கணத்திலேயே இடந்தந்தனர். சொல்லை மறைக்க வழி வகுத்தனரேயன்றிப் பொருளையே பேசலாகாதென்று அவர் விலக்கினாரல்லர். ஆதலின், மருத்துவர் ஒருவரிடம் பலகாற் கேட்டுத் தெளிந்தவற்றையும் நூல்களிற் கண்டவற்றையும் இன்று வெளிப்படையாகவே கூறுவோம். சிறுமியரும் அமர்ந்திருக்கும் அவையில் இது தகுமோ என்று ஐயுறுவோர்க்கு விடை பின்னே வரும்.

வரும் தை மாதத்தில் நம் மகளிர் பதினால்வர் புதுக்கோட்டையினின்றும் மதுரைவரை மிதிவண்டியிற் செல்லத் துணிந்துள்ளனர். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி அது. இம்மாவட்டத்துப் பெண்டிர்க்கு மிதிவண்டி புதிதன்று. 1991-ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கம் இங்குப் பரவிய காலத்தில், ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார்கள். 1992-ஆம் ஆண்டு மகளிர் நாளன்று 1500-க்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் மிதிவண்டியேறி ஊர்வலம் வந்தனர். கல்லுடைக்கும் பெண்டிரும் செவிலியரும் ஆசிரியைகளும் ஒருங்கே கற்றனர். இன்றோ 11-ஆம் வகுப்பு மாணவியர்க்கு அரசே விலையில்லா மிதிவண்டி வழங்குகின்றது. வண்டி வந்து முப்பது ஆண்டிற்கு மேலாயிற்று. வழியில் இறங்கி ஒதுங்குதற்கு இடந்தான் இன்னும் வந்தபாடில்லை.

நிற்க. நீர்க்கடுப்பை நம் வீடுகளில் "சூடு" என்று சொல்லி முடித்துவிடுகின்றோம். வெயிலில் நீர் குறைந்து சிறுநீர் செறிந்தால் எரிச்சல் உண்டாதல் மெய்யே. ஆயின் மீண்டும் மீண்டும் வருத்தும் நீர்க்கடுப்பு பெரும்பாலும் கிருமியால் வருவது. ஈ.கோலை என்னும் நுண்ணுயிர் நம் குடலில் இயல்பாக வாழ்வது. அங்கே அதனால் தீங்கில்லை. அது மலவாயின் அருகிலிருந்து சிறுநீர்த் தாரையின் வாயை அடைந்து, மேலேறிச் சிறுநீர்ப்பையிற் புகுங்கால் நோயாகின்றது. ஆடவர்க்கு அத்தாரை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுடையது. பெண்டிர்க்கு 4 சென்டிமீட்டர் அளவே. பெண்களிற் பாதிப்பேர்க்கேனும் வாழ்நாளில் ஒருமுறை இந்நோய் வருவதற்கு உடலின் இவ்வமைப்பே முதற்காரணம். ஒழுக்கக் குறைவென்றோ தூய்மைக் குறைவென்றோ ஒரு பெண்ணைப் பழித்தல் அறியாமை.

இனி, மிதிவண்டிக்கு இதில் என்ன பங்கு? 2018-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, வண்டியோட்டும் மகளிரை நீந்துவோரோடும் ஓடுவோரோடும் ஒப்பிட்டது. வண்டியோட்டுவோரே நீர்க்கடுப்பு வந்ததாக மிகுதியாய்க் கூறினர். ஆயினும் அது பெண்கள் தாமே கூறிய விடைகளைத் திரட்டியது. காரணம் இன்னதென்று நிறுவியதன்று. இருக்கையின் உராய்வு, வியர்வையும் ஈரமும் நெடுநேரம் தங்குதல், நீர் குடியாமை, வழியில் அடக்கிக்கொள்ளுதல் ஆகிய பலவும் இதிற் கூடுதல் இயல்பு. இவ்வாய்வைக் காட்டி மகளின் வண்டியைப் பூட்டிவைக்க எண்ணும் தந்தையர் எவரேனும் இங்கிருப்பின், அவர் எம் பேச்சைப் பாதியிற் கேட்டுவிட்டு எழுந்துசெல்ல வேண்டாவென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.

அடக்குதல் என்றவுடன் எம் நெஞ்சில் உறுத்துவது ஒன்றுண்டு. சில ஆண்டுகட்கு முன் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிற்கு யாம் தமிழ் கற்பித்தோம். ஒரு மாணவி நாள்தோறும் ஒன்பது கிலோமீட்டர் வண்டி மிதித்து வருவாள். அப்பள்ளியில் பெண்கள் கழிப்பறைக் கதவிற்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருநாட் பிற்பகல் புணர்ச்சிவிதி நடத்திக்கொண்டிருந்த வேளையில் அவள் எழுந்து வெளியே செல்ல விடை கேட்டாள். மணியடிக்கக் கால்மணியே இருந்தது. யாம், "அடக்கம் வேண்டும், உட்கார்" என்றோம். மறுமுறையும் கேட்டாள், மறுமுறையும் அதுவே கூறினோம். வகுப்புச் சிரித்தது. அதன்பின் அவள் கேட்டதேயில்லை.

பத்து நாள் கழித்து அவள் வரவில்லை. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்புறத்தே வலி, வாந்தி. கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டதென்று மருத்துவமனையிற் சேர்த்தனர். காணச் சென்றபோது அவள் தாய் எம்மிடம், "தமிழய்யா, வெளிய போக எடமில்லேன்னு காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்லையாம், எங்கிட்டக்கூடச் சொல்லலை" என்றாள். எம் மறுப்பினாலேயே நோய் வந்ததென்று மருத்துவர் கூறவில்லை. நீர் குடியாமையும் நெடுநேரம் அடக்குதலும் துணை செய்திருக்கலாம் என்றார். அவள் நலம்பெற்றாள். திருக்குறளில் அடக்கமுடைமை ஓர் அதிகாரம் என்பது எமக்குத் தெரியும். அது சிறுநீரைப்பற்றியதன்று என்பதும் தெரியும். தெரிந்தும் அச்சொல்லை ஒரு சிறுமியின்மேல் எறிந்தோம். நம் சித்த மருத்துவ நூலார் அடக்கலாகா வேகங்கள் பதினான்கு என வகுத்து அவற்றுட் சிறுநீரையும் எண்ணினர். சிறுமியர் முன் இதனைப் பேசுதல் தகுமோ என்ற வினாவிற்கு இதுவே எம் விடை.

காக்கும் வழிகளில் முதலது நீர். பல்கேரியா நாட்டில், அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறைவாகப் பருகும் 140 பெண்களைத் தேர்ந்து, பாதிப்பேரை வழக்கத்தினும் ஒன்றரை லிட்டர் மிகுதியாகப் பருகச் செய்தனர். ஓராண்டில் மற்றையோர்க்குச் சராசரி 3.2 முறை நோய் வர, இவர்க்கு 1.7 முறையே வந்தது. ஈ.கோலை தக்க சூழலில் இருபது நிமிடத்திற்கொருகால் இரட்டிக்க வல்லது. அவ்வப்போது கழியும் நீர் அதனை அடித்துச் செல்கின்றது. சிறுநீர் இளவைக்கோல் நிறமாக இருத்தல் நல்ல அடையாளம். நெடும்பயணத்தில் வெறுநீரையே அளவின்றிப் பருகாது, உப்பிட்ட நீர்மோரையும் இடையிடையே கொள்க. இதயநோயோ சிறுநீரகநோயோ உடையார் அளவை மருத்துவரிடம் கேட்டறிக.

இருக்கை மட்டமாய் இருத்தல் வேண்டும். அதன் மூக்கு மேனோக்கி நிற்பின் அழுத்தமெல்லாம் முன்புறம் விழும். கைப்பிடி இருக்கையினுந் தாழ்ந்திருப்பினும் அவ்வாறே. மெத்தென்ற இருக்கையே நல்லதென்பது பிழை. இடுப்பெலும்பு இரண்டும் ஊன்றியமரும் அகலமே வேண்டுவது. மரத்துப்போதல் தோன்றினால் இறங்கிச் சிறிது நடக்க. உள்ளாடை பருத்தியாயும் இறுக்கமின்றியும் இருக்கட்டும். திண்டு வைத்துத் தைத்த ஓட்டுநர் காற்சட்டை அணிவோர் அதனுள் வேறு ஆடை அணியாது, ஒவ்வொரு நாளும் துவைத்துணர்த்தி உடுக்க. வியர்த்த துணியோடு ஊர்ப்பேச்சுப் பேசி அமர்ந்திராமல் இறங்கியவுடன் மாற்றுக. கழுவுங்கால் முன்னிருந்து பின்னாகவே கழுவுக. வாசனைச் சோப்பும் கிருமிநாசினியும் உள்ளே வேண்டா. அவை காவலாய் நிற்கும் நல்ல நுண்ணுயிரையும் அழித்துவிடும். மணமானோர், கூடியபின் சிறுநீர் கழித்துவிடுதல் நன்று. இதற்குமேல் இடக்கரடக்கல்.

இத்தனையும் செய்தும் நோய் வரலாம். பார்லிக் கஞ்சியும் இளநீரும் வெள்ளரியும் நீர் சேர்ப்பன. வேரூன்றிய கிருமியைக் கொல்வனவல்ல. எரிச்சல், அடிக்கடி உந்துதல், அடிவயிற்று வலி, சிறுநீரிற் செந்நிறம் என்பன கண்டால் மருத்துவரிடஞ் சென்று சிறுநீரைச் சோதிப்பிக்க. பக்கத்து வீட்டாள் மிச்சம் வைத்த மாத்திரையை விழுங்குதலும், இரண்டு நாளில் எரிச்சல் நின்றதென்று மருந்தைப் பாதியில் விடுதலும் மருந்துக்கு அஞ்சாத கிருமியை வளர்க்கும். குளிர்காய்ச்சலோ விலாவலியோ வாந்தியோ சேர்ந்தால் அன்றே செல்க. கருவுற்றார்க்கு நோய்க்குறி இல்லாதபோதும் சிறுநீரிற் கிருமி காணின் மருந்து வேண்டும். மாதவிடாய் நின்ற தாய்மார்க்கு அடிக்கடி வரின் அதற்கெனத் தனி மருத்துவம் உண்டு. வயதின் குறை என்று பொறுத்திருக்க வேண்டா.

தைப் பயணத்திற்கு ஒரு சொல். திருமயம், திருப்பத்தூர், மேலூர் ஆகிய ஊர்களில் நம் உறவினர் வீடுகள் உள்ளன. அவ்வீட்டார் அன்று காலைமுதல் கழிப்பறையும் வாளி நீரும் ஒழுங்கு செய்து வைத்திருக்க இசைந்துள்ளனர். இடைப்பட்ட வழிக்கு மேலும் மூன்று வீடுகள் வேண்டும்; தெரிந்தவர் கூட்டம் முடிந்ததும் எம்மிடம் பெயர் தருக. விருந்து சமைக்க வேண்டா. கதவிற்குத் தாழ்ப்பாள் இருந்தாற் போதும்.

இறுதியாக, நாம் இப்போது அமர்ந்திருக்கும் இக்கட்டடத்தின் பின்புறம் மகளிர்க்கென ஒரு கழிப்பறை உண்டு. அது பூட்டியிருக்கின்றது. காலை ஒன்பது மணிக்கு வந்த தாய்மார் பலர் இதுவரை எழுந்து செல்லாததை யாம் மேடையிலிருந்து கண்டுகொண்டுதான் இருந்தோம். சாவி காரியதரிசி அவர்களிடம் இருப்பதாக அறிகின்றோம். அவர்கள் அதனை இப்பொழுதே கொடுத்தனுப்புமாறு வேண்டி, எம் பேச்சை இவ்வளவில் நிறுத்துகின்றோம்.