வாத்தியார் வாங்கிய தராசு

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய பேச்சின் சுருக்கம்)



கூலியையும் பஞ்சப்படியையும் பற்றிப் பேசுகிற இந்த மேடையில், இன்று வெறும் 500 ரூபாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அது உங்கள் கூலிப் பணமல்ல. உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற வாத்தியாருக்குச் சர்க்கார் கொடுத்த பணம்.

1994-ல் மத்திய சர்க்கார் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தது. உலக வங்கிக் கடன் அதில் பெரும் பங்கு. நம் பக்கத்தில் தர்மபுரி, திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களுக்கு அது வந்தது. அந்தத் திட்டத்தில்தான் ஒவ்வொரு ஆசிரியருக்கும் வருஷத்துக்கு 500 ரூபாய் என்று வைத்தார்கள். பாடத்துக்கு வேண்டிய துணைக்கருவியை அவரே யோசித்து, அவரே செய்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பிறகு 2000-01-ல் அனைவருக்கும் கல்வித் திட்டம் வந்து, எல்லா மாவட்டங்களுக்கும் இது பரவியது. தொகை மட்டும் அதே 500-தான். அரிசி விலை ஏறியது, நூல் விலை ஏறியது, இது ஏறவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்தில் 200 நாள் பள்ளி நடந்தால் ஒரு நாளைக்கு இரண்டரை ரூபாய். வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால் தலைக்கு ஆறேகால் காசு! இதை வைத்துத்தான் ஏழைப் பிள்ளைக்குப் புதுமையாகப் பாடம் நடத்த வேண்டும் என்றார்கள்.

அப்படியும் நடத்தியவர்கள் உண்டு. எங்களுக்குத் தெரிந்த ஒரு கிராமத்து வாத்தியார், அந்தப் பணத்தில் சந்தைக்குப் போய் ஒரு பழைய தராசும் எடைக்கற்களும் வாங்கி வந்தார். மற்றவர்கள் சார்ட் அட்டை வாங்கிப் படம் ஒட்டினார்கள்; இவர் தராசை வகுப்பின் நடுவில் தொங்கவிட்டார். பிள்ளைகள் சிலேட்டை நிறுத்தார்கள், வெங்காயத்தை நிறுத்தார்கள், ஒருவன் தன் சட்டையைக் கழற்றி அதையும் நிறுத்தான். கால், அரை, முக்கால் என்று புத்தகத்தில் படித்து விளங்காதது, தட்டு ஏறி இறங்கும்போது விளங்கிவிட்டது.

அந்த வருஷம் பருத்தி எடுப்புக் காலத்தில் ஒரு சிறுமி தாயோடு காட்டுக்குப் போயிருக்கிறாள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மேஸ்திரி நிறுத்துவிட்டு "பதினொன்று" என்றார். பக்கத்தில் நின்ற சிறுமி "பதினொன்றரை" என்றாள். மேஸ்திரி முறைத்தார். சிறுமி தராசு முள்ளைக் கையால் காட்டினாள். வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு மூட்டையும் எல்லோரும் பார்க்க நிறுக்கப்பட்டது. எத்தனை வருஷம் எத்தனை அரைக் கிலோ போயிற்று என்று அந்தத் தாய் எங்களிடம் கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த 500-ம் நேரத்தில் வந்ததா? ஜூனில் பள்ளி திறக்கிறது. பணமோ பாதி வருஷம் கழிந்த பிறகு வந்தது. மார்ச் 31-க்குள் செலவழித்து ரசீது காட்டு என்று உத்தரவும் கூடவே வந்தது. வாத்தியார்கள் ஒன்று கைக்காசைப் போட்டார்கள், அல்லது கடைசி நேரத்தில் கடைக்காரர் கட்டிக் கொடுத்ததை வாங்கிப் பீரோவில் பூட்டினார்கள். பீரோவில் பூட்டியவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது ஆந்திராவில் நடந்த ஒரு பரிசோதனையைச் சொல்ல வேண்டும். இதை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2005-லிருந்து இரண்டு வருஷம், சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த 100 கிராமப் பள்ளிகளுக்கு, பள்ளிக்குச் சுமார் 10,000 ரூபாய் வீதம் வகுப்புச் செலவுக்கென்று கொடுத்தார்கள். கொடுக்காத 100 பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். முதல் வருஷம் பிள்ளைகளின் மதிப்பெண் கூடியது. இரண்டாம் வருஷம் அதனால் கூடியதாகத் தெரியவில்லை. ஜிஷ்ணு தாஸ், கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளாதாரவாதிகள் 2013-ல் இதை வெளியிட்டார்கள். காரணம் என்ன? முதல் வருஷம் பணம் வருமென்று பெற்றோருக்குத் தெரியாது. இரண்டாம் வருஷம் தெரிந்துவிட்டது. பள்ளியே நோட்டும் பென்சிலும் கொடுக்கிறதென்று, வீட்டில் அதற்குப் போட்ட காசைக் குறைத்துக்கொண்டார்கள்.

பார்த்தீர்களா, மானியம் வீண் என்று கனவான்கள் இதை வைத்துச் சொல்லலாம். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். மிச்சமான நோட்டுக் காசில் ஒரு கூலிக்காரர் வீட்டில் உலை கொதித்தால் அது வீணா? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டில் வாங்கக்கூடிய பொருளையே பள்ளியும் வாங்கினால், பாடம் பெரிதாக வளராது. பென்சிலை நாம் எப்படியாவது வாங்கிவிடுவோம். தராசையும் உருண்டைப் பூகோளத்தையும் பூதக்கண்ணாடியையும் எந்தக் கூலிக்காரர் வீட்டில் வாங்குவார்கள்? மானியம் அங்கே போகவேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

2018-ல் திட்டங்களை ஒன்றாக்கி, பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பள்ளிக்கு மொத்த மானியம் என்று மாற்றினார்கள். நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் தனித் தொகை உண்டு. அந்த மொத்த மானியத்தில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குப் போகவேண்டும்; சாக்கட்டி, மின்சாரக் கட்டணம், உடைந்த குழாய் எல்லாம் அதிலேதான். வாத்தியாரின் யோசனைக்குக் கடைசியில் என்ன மிஞ்சும்? போதாததற்கு, பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25-ல் தமிழ்நாட்டுக்குச் சேரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. 2025-ல் மாநிலம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

டில்லி விஷயம் அப்படி. நம் ஊர் விஷயம் நம் கையில் கொஞ்சம் இருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்கிறது. மானியத்தைச் செலவிடுவதைக் கவனிப்பது அந்தக் குழுவின் வேலை. ஆனால் நம் பகுதியில் குழுக் கூட்டம் வேலை நாளில் பிற்பகலில் நடக்கிறது. போனால் அரை நாள் கூலி போச்சு! அதனால் பதிவேடு வீட்டுக்கு வருகிறது, கைநாட்டும் கையெழுத்தும் விழுகிறது. இதை நாமே செய்துவிட்டு வாத்தியாரைக் குறை சொல்வது நியாயமா?

நேரத்தை மாற்றச் சொல்லித் தலைமையாசிரியரிடம் மனுக் கொடுத்திருக்கிறோம். அவரும் தட்டிப் பேசவில்லை. ஆலையில் இரவு ஷிப்டு பார்க்கும் இரண்டு தோழர்களும், நடவு வேலைக்குப் போகும் மூன்று தாய்மார்களும் அடுத்த கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாஸ் புத்தகத்தைப் பார்ப்பதோடு, இந்த வருஷம் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று ஒவ்வொரு வாத்தியாரையும் டீச்சரையும் கேட்கும்படி அவர்களிடம் சொன்னோம். அந்தப் பழைய தராசு இன்னும் இருக்கிறது. ஒரு தட்டின் சங்கிலி அறுந்து கிடக்கிறது. ஆலைத் தோழர் ஒருவர் அதைத் தானே சரிசெய்து தருவதாக எடுத்துப் போயிருக்கிறார்.