விறைப்பு மருந்தும் ஈரலும்

பல்லைப் பிடுங்குமுன் முரசிலே ஏற்றப்படும் விறைப்பு மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. மருந்து அவ்விடத்திலேயே அழிந்துபோயிற்று என எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. நரம்பைவிட்டு நீங்கும் மருந்து குருதியிற் கலந்து உடலெங்கும் செல்கிறது. அதைச் சிதைத்தொழிக்கும் பணி பெரும்பாலும் ஈரலுக்கு உரியது. அவ்வாறாயின், ஈரலிலேயே ஒரு பகுதியை வெட்டி அகற்றும்போது நேர்வது யாது?

விறைப்பு மருந்துகள் இருவகைப்படும். 1905ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வந்த புரோகேயினைக் குருதியிலுள்ள நொதியமே விரைவிற் சிதைத்துவிடும். சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் நீல்ஸ் லோஃப்கிரென் 1943இல் ஆக்கிய லிக்னோகேயினும், பின்வந்த புபிவகேயினும் மற்றைய வகையின. இன்று பெரிதும் வழங்கும் இவற்றை ஈரலின் நொதியங்களே சிதைத்தல் வேண்டும்.

ஈரலை ஒரு நெல் ஆலைக்கு ஒப்பிடலாம். லிக்னோகேயின் எளிதில் அரைபடும் நெல். எத்தனை வண்டி வருகிறதோ அத்தனையும் அரைபடும். ஆகவே ஈரலுக்குப் பாயும் குருதியின் அளவே இங்கு முக்கியம். புபிவகேயின் மெல்ல அரைபடும் நெல். வண்டிகள் எத்தனை வரினும், இயந்திரங்களின் தொகையே வேகத்தை வரையறுக்கும்.

சத்திரசிகிச்சை இவ்விரண்டையும் தாக்குகிறது. குருதிப் பெருக்கைக் குறைக்க, ஈரலுக்குச் செல்லும் நாளங்களைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடிப்பதுண்டு. 1908இல் பிரிங்கிள் என்னும் சத்திரவைத்தியர் விவரித்த முறை இது. அப்போது வண்டிகள் நின்றுவிடுகின்றன. ஈரலின் பகுதி அகற்றப்பட்டதும் இயந்திரங்களும் குறைகின்றன. எஞ்சிய ஈரல் மீண்டும் வளருமெனினும், முதற் சில நாட்களில் அதன் ஆற்றல் குறைவே.

நோவு மிகுந்திருப்பதும் அந்நாட்களிலேதான். நோவினால் நோயாளி ஆழ்ந்து மூச்செடுக்கத் தயங்குவார். அதனாற் சுவாசப்பையிற் சளி தேங்கக்கூடும். எனவே முள்ளந்தண்டின் அருகே மெல்லிய குழாய் வைத்து, விறைப்பு மருந்தை இடைவிடாது செலுத்துவதுண்டு. ஒருமுறை ஏற்றும் ஊசியினும், நாட்கணக்கிற் செலுத்தும் மருந்தே தேங்குதற்கு இடமளிப்பது. சத்திரசிகிச்சையின் பின் குருதியில் ஒருவகைப் புரதம் பெருகி, மருந்தைப் பற்றிக்கொண்டு ஓரளவு காப்பளிக்கும். அப்புரதத்தை ஆக்குவதும் ஈரலே ஆதலால், ஈரலிற் பெரும்பகுதியை இழந்தவர் அக்காப்பை முழுதும் நம்பியிருத்தல் இயலாது.

மருந்து மிகுந்தால் நாவும் வாயைச் சுற்றிய இடமும் விறைக்கும். காதில் இரைச்சல் கேட்கும். பின்னர் வலிப்பு வரலாம், இருதயமும் நின்றுவிடலாம். ஆகவே வைத்தியர்கள் செலுத்தும் அளவைக் குறைத்து நோயாளியைக் கவனித்திருப்பர். வேண்டின் மருந்தை நிறுத்தி, நாளத்திற் கொழுப்புப் பாற்குழம்பை ஏற்றுவர்.

நாவிறைப்பும் காதிரைச்சலும் சிறியனவென நோயாளி வாளாவிருத்தல் கூடாது. தாதியிடம் அக்கணமே சொல்லும் ஒரு சொல் உயிரைக் காக்கும். அவ்வாறே, ஈரல் நோயுடையோர் பல் வைத்தியரிடம் செல்லினும் அதனை முற்கூட்டியே தெரிவித்தல் நன்று.