கிட்டியும் கேள்வித்தாளும்

(குற்றவியல் மாணவர் மன்றத்தில் ஆற்றிய உரை)



பட்டம் பெறவிருக்கும் உங்கள் முன்னால், பட்டம் பெறாமலேயே கல்லூரி வாயிலைத் தாண்டி வந்துவிட்ட ஒருவனை நிறுத்தியிருக்கிறீர்கள். நாடகம் எழுதுபவனுக்கும் குற்றவியலுக்கும் என்ன உறவு என்று பின் வரிசையிலே ஒரு நண்பர் கேட்பது என் செவியிலே விழாமலில்லை. உறவு உண்டு. நாடகத்திலே காவல் நிலையக் காட்சி வரும். கயவனைக் கட்டிவைத்து அதிகாரி அடிப்பார். அடிக்கு ஓர் கையொலி, கொட்டகை அதிரும்! கயவன் யார் என்பதை முதற் காட்சியிலேயே நான் அவையோருக்குக் காட்டிவிட்டேன், அதனால் தட்டுகிறார்கள். உண்மையான காவல் நிலையத்திலே அப்படி முன்கூட்டிக் காட்டிவைக்க எந்த நாடக ஆசிரியன் இருக்கிறான்?

நீங்கள் நாளை காவல் அதிகாரிகளாகலாம், சிறை அலுவலர்களாகலாம், தடயம் ஆராய்பவர்களாகலாம். உங்களுக்கு மனித உரிமை எப்படிக் கற்பிக்கப்படுகிறது? பல இடங்களிலே அது ஒரு தாள். ஐ.நா. பேரறிக்கை எந்த ஆண்டு? 1948. அதன் ஐந்தாம் பிரிவு கூறுவது யாது? சித்திரவதை கூடாது. மதிப்பெண் இரண்டு! மாணவன் எழுதினான், ஆசிரியர் திருத்தினார், தாள் கட்டப்பட்டது, உரிமையும் அதோடு சேர்த்துக் கட்டப்பட்டது.

அந்தப் பாடத்தைப் பாரிஸ் மாநகரிலே தொடங்குவானேன்? சென்னையிலேயே தொடங்கலாமே! இம்மாகாணத்திலே நடந்த சித்திரவதைகளை விசாரிக்க 1854-ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1855-ல் வந்தது. வரி தண்டவும் வாக்குமூலம் வாங்கவும் ஒரே கைகள், ஒரே கருவிகள்! கிட்டி என்றால் என்ன? இரண்டு கோல்கள், ஒரு முனையிலே கட்டு, இடையிலே உழவனின் விரல்கள், பிறகு நெருக்கு! அண்ணாந்தாள் என்று மற்றொன்று. ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் பிணைத்துக் கட்டி வெயிலிலே விடுவது. முழுப் பழியையும் வெள்ளையன் தலையிலே ஏற்றிவிட்டு நாம் நிம்மதியாக வீடு திரும்பலாம் என்றால், கிட்டி நம் மொழிச் சொல், அண்ணாந்தாளும் நம் மொழிச் சொல். நெருக்கிய கைகளும் பெரும்பாலும் இம்மண்ணின் கைகளே. வரிப்பணம் போய்ச் சேர்ந்த கருவூலம்தான் கம்பெனியாருடையது.

1859-ல் சென்னைக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1872-ல் வந்த சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு, காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது என்றது. ஆட்சி செய்த அந்நியனே தன் காவலனின் கையை நம்பவில்லை! 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலே அது 23-வது பிரிவு. எண் மாறிற்று, ஐயம் மாறவில்லை. வாக்குமூலத்தால் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும் என்ற பின்வாசல் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தப் பின்வாசல் வழியே எத்தனை அரிவாள்கள் 'கண்டெடுக்கப்பட்டு' வருகின்றன என்பதை வழக்கறிஞர்களைக் கேளுங்கள்.

உங்கள் துறையும் கறைபடாத துறையன்று. குற்றவாளி பிறக்கிறான் என்று மண்டையோட்டை அளந்து லொம்ப்ரோசோ நூல் எழுதியது 1876-ல். அவருக்கு ஐந்தாண்டு முன்பே, 1871-ல், குற்றப் பரம்பரைச் சட்டம் இங்கே வந்துவிட்டது! 1911-ல் சென்னை மாகாணத்திற்கும் அது நீண்டது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920-ல் துப்பாக்கி பேசியது. தொட்டிலிலே கிடந்த குழந்தைக்கும் குற்றவாளி என்று பெயர் சூட்டிய அந்தச் சட்டம் சென்னையிலே ஒழிந்தது 1947-ல்.

"கொலைகாரனுக்கு உரிமை பேசுகிறீரே, கொலையுண்டவனுக்கு உரிமை இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி; இதை வகுப்பிலே அடக்கக் கூடாது. காந்திநகர் அட்சர்தாம் கோயிலிலே 2002 செப்டம்பரில் நடந்த தாக்குதலில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உயரதிகாரியிடம் தந்த வாக்குமூலம் செல்லும் என்று 'பொடா' சட்டம் கதவைத் திறந்துவைத்திருந்த காலம் அது. 2006-ல் விசாரணை நீதிமன்றம் மூவருக்குத் தூக்கு விதித்தது. மேலும் மூவருக்குச் சிறை. 2014 மே 16 அன்று உச்சநீதிமன்றம் அறுவரையும் விடுதலை செய்தது. அந்த வாக்குமூலங்களை நம்பத்தக்கவையல்ல என்று ஒதுக்கியது. கோயிலிலே பிணமான பக்தனுக்கு இதனால் கிடைத்தது என்ன? மெய்யாகவே சதி செய்தவன் யாரோ, அவனுக்குப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் கிடைத்தது!

2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே ஒரு பெண் மருத்துவரின் கொலையில் பிடிபட்ட நால்வர் காவலில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டனர். காவலர்மீது மலர் தூவினர் மக்கள். நான் சொன்னேனே கையொலி, அதுதான்! உச்சநீதிமன்றம் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2022-ல் வெளியாயிற்று. தற்காப்புக் கதை நம்பத்தக்கதன்று, கொல்லும் நோக்கத்தோடே சுட்டனர் என்றது அக்குழு. அந்த நால்வர்தான் குற்றவாளிகளா? எந்த நீதிமன்றமும் இனிச் சொல்ல முடியாது. மலர்களோ மறுநாளே வாடியிருக்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். 1996-ல் டி. கே. பாசு வழக்கிலே உச்சநீதிமன்றம் விதித்த பதினொரு நெறிகளை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். கைதுக் குறிப்பு ஒன்றை மாணவனையே எழுதச் சொல்லுங்கள். கைதானவனின் தம்பியாக மற்றொரு மாணவன் எதிரே நின்று சாட்சிக் கையொப்பம் இடட்டும். கைதான நாள், நேரம் என்று ஒரு கட்டம் இருக்கும். இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம். அந்தக் கணக்கு தொடங்குவது இந்தக் கட்டத்திலேதான். நேற்று மாலையே பிடித்துவந்தவனுக்கு இன்று காலை என்று எழுதினால் ஓர் இரவு காணாமல் போகும். பேனா அந்தக் கட்டத்திலே வந்து நிற்கும்போது, "தம்பி, அந்த இரவு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். ஒரு மணி நேர வகுப்பு போதாது.