இளம் வயதில் பக்கவாதம்: நாம் அறிய வேண்டியவை

 

பக்கவாதம் முதியோரின் நோய் என்றே நாம் எண்ணியிருந்தோம். இன்று முப்பது, நாற்பது வயதினரையும் அது தாக்கக் காண்கிறோம். சபுராளிகள் நிறைந்த நம் நாகை வட்டாரத்தில் ஒருவர் வருவாயில் ஒரு குடும்பமே வாழ்கிறது. அவர் படுக்கையில் விழுந்தால் பெற்றோர், மனைவி, மக்கள் அனைவரின் வாழ்வும் நிலைகுலைகிறது.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதால் வருவதே பெரும்பாலான பக்கவாதம். இந்தியா உட்பட 32 நாடுகளில் நடைபெற்று 2016-இல் வெளியான 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வு, பக்கவாத அபாயத்தில் சுமார் 90 விழுக்காடு நம்மால் மாற்றக்கூடிய பத்துக் காரணங்களோடு தொடர்புடையது என்று கண்டது. அவற்றுள் முதன்மையானது இரத்தக் கொதிப்பு.

இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலி தராது. அளந்து பார்த்தாலன்றித் தெரியாது. நாம் விரும்பி உண்ணும் கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பு அதனை வளர்க்கிறது. புகைபிடித்தல், புகையிலை மெல்லுதல், சர்க்கரை நோய், இரத்தக் கொழுப்பு, உடலுழைப்பின்மை ஆகியவையும் குழாய்களைக் கெடுக்கின்றன. சிறு வயதில் மூட்டுவலிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுற்றோருக்கு, இதயத்தில் உறையும் இரத்தக்கட்டி மூளைக்குச் சென்று அடைத்துவிடலாம். அவர்கள் மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது.

பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் சில இல்லங்களில் உள்ளது. பேறுகாலத்தில் இரத்தம் எளிதில் உறையும் தன்மை பெறுகிறது. நீரும் குறைந்தால் மூளையின் சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. இவ்வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

ரமளானில் மாத்திரையை விட்டுவிடுவோரும் உண்டு. நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, ஸஹர், இஃப்தார் வேளைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். நோன்பு தீங்கு செய்யும் என்று மருத்துவர் கூறினால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்பதில் தயக்கம் வேண்டாம். உடலும் ஓர் அமானிதமே.

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, திடீரெனப் பார்வை மங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதியாதீர். அடைப்பு நீங்காத ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, இரத்தக் கசிவு இல்லையென உறுதி செய்ய வேண்டும். எனவே எண்ணெய் தேய்ப்பதிலும் புறா இரத்தம் பூசுவதிலும் அந்நேரத்தை இழக்கலாகாது. ஓதுவதை வண்டியில் செல்லும்போதே ஓதலாம். வாயில் நீரோ மாத்திரையோ கொடாமல் 108-ஐ அழைத்து, அறிகுறி தொடங்கிய நேரத்தைத் தெரிவியுங்கள். சற்று நேரத்தில் தானே சரியானாலும் மருத்துவரைக் காணுங்கள். அது பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்தில் இரத்தக் கொதிப்பு அளக்க ஜமாஅத் ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறோம். விடுமுறையில் ஊர் வரும் இளைஞர்களை அதற்கு அழைத்து வருவது நம் ஒவ்வொருவரின் கடமை.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் நோயற்ற வாழ்வை நல்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.