சுகாதாரக் கணக்கும் நமது கடமையும்

(விருத்தாசலத்தில் கூடிய நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சுகாதாரக் கணக்கு என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று நமது காரியதரிசியவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். கல்வியைப் பற்றிப் பேசுவோர்க்குக் கரகோஷம் கிடைக்கும். குலப்பெருமையைப் பற்றிப் பேசுவோர்க்கு மாலையும் கிடைக்கும். கணக்கைப் பற்றிப் பேசுவோர்க்குக் கொட்டாவியே கிடைக்கும். ஆயினும் நம்மவரில் பலருடைய ஆயுள் இக்கணக்கோடு பிணைந்து கிடப்பதால், தங்கள் பொறுமையைச் சற்று நேரம் வேண்டிக் கொள்கிறேன்.

விருத்தாசலம் என்றால் வெளியூரார்க்குப் பழமலைநாதர் சந்நிதியும் மணிமுத்தாற்றங்கரையும் முதலில் நினைவுக்கு வரும். அடுத்து வருவது பீங்கான். இங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்வி நிலையமும் இருக்கிறது. மின்சாரத்திற்குரிய பியூஸ் கட்டைகளும், அகல்விளக்குகளும், கொலுப் பொம்மைகளும் இங்கிருந்து பல ஊர்களுக்குச் செல்கின்றன. குயவர் என்றும், குலாலர் என்றும், வேளார் என்றும் பல பெயர்களால் வழங்கப்பெறும் நம்மவர்க்கு மண் புதிதன்று. சக்கரத்தை விட்டு அச்சுக்கு வந்தோம். விறகுச் சூளையை விட்டுப் பெருஞ்சூளைக்கு வந்தோம். தொழில் மாறியபோது தொழிலின் தூசியும் மாறிற்று. அம்மாறுதலை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை.

பானைக்குக் களிமண் போதும். பீங்கானுக்கோ களிமண்ணோடு வெங்கச்சங்கல் மாவும் பெல்ஸ்பார் மாவும் சேர வேண்டும். வெங்கச்சங்கல் மாவு என்பது சிலிக்காவே. அது நீரில் கலந்து குழம்பாய் இருக்கும்வரை பெருந்தீங்கு இல்லை. மாவைக் கொட்டும்போதும், மூட்டையை உதறும்போதும், காய்ந்த பொருளின் பிசிறைச் சுரண்டும்போதும், தரையைத் துடைப்பத்தால் பெருக்கும்போதும் அது காற்றில் ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஒரு மில்லிமீட்டரை 200 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவும் அதனினும் சிறியதுமான தூசியே நுரையீரலின் அடிவரை சென்று தழும்பு உண்டாக்குகிறது. இந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். பெரும்பாலும் 10 ஆண்டு, 20 ஆண்டு வேலை செய்த பின்னரே இது தலைகாட்டும். தூசி மிகுந்த இடத்தில் அதற்கு முன்னும் வரும். வந்த தழும்பை நீக்க மருந்தில்லை. அன்றியும், தழும்பேறிய நுரையீரலைக் க்ஷயம் என்று முன்னோர் சொன்ன காசநோய் எளிதில் பற்றிக் கொள்கிறது.

இனிக் கணக்கிற்கு வருவோம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5ஆம் தேதி நமது மாகாண சர்க்கார் "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டத்தைக் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கினார்கள். அது முதல் பெண் தன்னார்வலர்கள் வீடுதோறும் வந்து இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் விசாரிக்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிந்து கொள்கிறார். காசநோய்ப் பணியாளர், இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல் யாருக்கேனும் உண்டா என்று கேட்கிறார். இத்தனை பேரும் வந்து கேட்கும்போது நாம் சொல்லும் விடை யாது? "ஒன்றும் இல்லையம்மா, எல்லாரும் சௌக்கியம்" என்பதே. உள்ளறையில் படுத்திருப்பவர் அந்நேரம் இருமலையும் அடக்கிக் கொள்கிறார்!

இவ்வாறு மறைப்பதற்குக் காரணங்கள் மூன்று. அவற்றை இகழ்ந்து பேச நான் வரவில்லை. எடைபோட்டுப் பார்க்கவே வந்தேன்.

முதலாவது, பெண் கொடுக்கல் வாங்கல். "காசநோய்க் குடும்பம்" என்ற பெயர் வந்தால் மகளை யார் கொள்வார் என்னும் அச்சம். இவ்வச்சத்தை உண்டாக்கியவர் சர்க்காரல்லர். ஜாதகம் பார்க்கவும் சம்பந்தம் பேசவும் கூடுகின்ற நாமே. ஆகையால் அதை நீக்கும் கடமையும் நம்முடையதே. இவ்விஷயத்தில் நமது சென்னை நகரமே உலகிற்குப் பாடம் சொல்லியிருக்கிறது. 1956ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியாரைச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியாரை அவரவர் வீட்டிலுமே வைத்து மருந்து கொடுத்து, ஒழுங்காகக் கணக்கெழுதி வந்தனர். நெருக்கமான சிறு வீடுகளில் வாழ்ந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகவே குணமடைந்தனர். அவர்களுடன் வாழ்ந்த வீட்டாருக்கும் அதனால் அதிக நோய் உண்டாகவில்லை. நோயாளியை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கும் வழக்கம் உலகமெங்கும் தளர்ந்ததற்கு இக்கணக்கு ஒரு முக்கிய காரணமாயிற்று. பெயர் சொல்லவும், கபம் கொடுக்கவும், வீட்டுக் கதவைத் திறக்கவும் சம்மதித்த சென்னை ஏழைகள் இல்லாவிட்டால் அந்த உண்மை வெளிப்பட்டிராது. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத வைத்தியம் போதும், மருந்து இலவசம். போஷாக்கிற்காக 2018ஆம் ஆண்டு முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் நோயாளியின் கணக்கில் செலுத்த ஏற்பாடாகியிருக்கிறது. ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லாதவனுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

இரண்டாவது, வேலை போய்விடும் என்னும் அச்சம். இது பொய்யச்சமன்று, சிறு பட்டறைகளில் இருமுகிறவனை மறுநாள் வர வேண்டாமென்று சொல்வதுண்டு. ஆனால் மறைத்து வேலை செய்கிறவன் மேலும் தூசியைக் குடித்து, ஐந்தாண்டில் நிற்க வேண்டியவன் இரண்டாண்டில் நிற்கிறான். ஒருவன் சொன்னால் அவன் வேலை போகும். பட்டறையிலுள்ள அனைவரும் பரிசோதிக்கப்பட்டால் எவனையும் தனித்து நீக்குதல் எளிதன்று.

மூன்றாவது, சர்க்கார் எதற்கோ எழுதுகிறார்கள், ரேஷன் அட்டைக்கோ பென்ஷனுக்கோ பங்கம் வரும் என்னும் சந்தேகம். இருமலைச் சுகாதாரப் பதிவேட்டில் எழுதியதற்காக ஒருவருடைய குடும்ப அட்டை ரத்தாவதில்லை. இந்தச் சந்தேகத்தினால் நாம் இழப்பது மருந்தையே.

இவற்றினும் பெரிய மறைவு ஒன்று உண்டு. அது நோயை மறைப்பதன்று, தொழிலை மறைப்பது. ஆஸ்பத்திரியில் "என்ன வேலை?" என்று கேட்டால், நம்மவர் வாயில் வருவது "கூலி" என்ற ஒரே சொல். வயலில் களையெடுப்பவளும் கூலி. மாவு மூட்டை உதறுபவனும் கூலி. வைத்தியர் மார்பின் படத்தில் நிழலைக் காண்கிறார். தொழிலை அறியாமையால் அதனைக் காசநோய் என்றே கருதி மருந்து தருகிறார். நோய் தீரவில்லை, மருந்தின்மேல் பழி விழுகிறது. ஆகவே, தாய்மார்களே, உங்கள் வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள்: "பீங்கான் பட்டறையில் மாவு கலக்கும் வேலை, இத்தனை ஆண்டு", "பிசிறு சுரண்டும் வேலை, இத்தனை ஆண்டு", "சூளை அடுக்கும் வேலை, இத்தனை ஆண்டு" என்று சொல்ல வேண்டும். "கூலி" என்ற சொல்லை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுச் செல்ல வேண்டும்.

சட்டம் நம்மைக் காவாதோ என்று சிலர் கேட்கலாம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அறிவித்தே தீர வேண்டிய நோய்களுள் வைத்தது. தொழிற்சாலை நிர்வாகியும், நோயைக் கண்ட வைத்தியரும் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டுமென விதித்தது. அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்நோய் அவ்வாறே இருக்கிறது. ஆனால் முன்னைய சட்டத்தில் மின்விசை கொண்டு 10 பேரும், மின்விசையின்றி 20 பேரும் வேலை செய்யும் இடமே தொழிற்சாலை எனப்பட்டது. புதிய தொகுப்பில் அவ்வெண்கள் 20, 40 என உயர்ந்துவிட்டன. நம்மவர் வேலை செய்யும் இடங்களிலோ ஆறு பேர், எட்டுப் பேர். அத்தகைய பட்டறையில் நோயுற்றவனைத் தொழிற்சாலைக் கணக்கில் தேடினால் காண முடியாது. அவனுக்கு மிஞ்சியிருப்பது வீட்டு வாசலில் எழுதப்படும் சுகாதாரக் கணக்கு ஒன்றே. அதிலும் அவன் "சௌக்கியம்" என்று எழுதச் செய்கிறான்!

கணக்கில் ஏறினால் என்ன நடக்கும் என்பதற்கு வடநாட்டு உதாரணம் ஒன்று கூறுகிறேன். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர்ப் பகுதிகளிலிருந்து மலைவாழ் மக்கள் குஜராத்திலுள்ள வெங்கச்சங்கல் அரைக்கும் ஆலைகளுக்கு வேலைக்குச் சென்றனர். சில மாதங்களே வேலை செய்தவர்களும் மூச்சிழந்து ஊர் திரும்பி மாண்டனர். அவர்களுக்காக உழைத்தோர் கிராமம் கிராமமாகச் சென்று, யார் போனார், எந்த வேலை செய்தார், எப்போது இறந்தார் என்று எழுதினர். விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. 2016ஆம் ஆண்டில், இறந்த 238 பேருடைய குடும்பங்களுக்குத் தலைக்கு 3 லட்சம் ரூபாய் கொடுக்குமாறு குஜராத் சர்க்காருக்கு உத்தரவாயிற்று. ராஜஸ்தானத்திலும் கல்லுடைப்போர் நோய் இடைவிடாது எடுத்துக் காட்டப்பட்டமையால், 2019ஆம் ஆண்டில் அந்த ராஜ்ய சர்க்கார் தனிக் கொள்கையே வகுத்து, நோய் உறுதிப்பட்டவருக்கு 3 லட்சமும், அவர் இறப்பின் குடும்பத்திற்கு 2 லட்சமும் தருவதாக ஏற்றுக் கொண்டனர். உயிருக்குப் பணம் ஈடாகாது. ஆயினும் எழுதப்பட்ட சாவுக்குக் கேள்வி உண்டு, எழுதப்படாத சாவுக்கு ஒப்பாரி மட்டுமே உண்டு.

சாவுப் பதிவையும் இங்கே நினைவூட்டுகிறேன். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அப்போது "வயோதிகம்" என்றோ "மாரடைப்பு" என்றோ வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், இருந்த நோயையும் செய்த தொழிலையும் சொல்லுங்கள். வைத்தியர் சீட்டுகளைக் காட்டுங்கள். 45 வயதில் போனவருக்கு வயோதிகம் ஏது?

இனி, சொல்வது மட்டுமன்று, கேட்பதும் நமது கடமை. கிராமத்தார்க்குக் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. விருத்தாசலம் போன்ற நகராட்சிகளில் பகுதி சபை உண்டு. ஜனங்களின் அபிப்பிராயத்தை அறிய வட்டார, ஜில்லா சுகாதாரப் பேரவைகளும் கூட்டப்படுகின்றன. மத்திய சர்க்கார் புதிய சட்டங்களின் நகலை 30 நாள்களேனும் பொதுஜன அபிப்பிராயத்திற்கு வைக்க வேண்டுமென்று 2014ஆம் ஆண்டில் கொள்கை வகுத்திருக்கிறார்கள். இவற்றிற்கெல்லாம் நாம் போவதில்லை. போனாலும் "ஆஸ்பத்திரியை நன்றாக நடத்த வேண்டும்" என்று பொதுப்படச் சொல்லித் திரும்புகிறோம். பொதுப்படக் கேட்டால் பொதுப்படவே பதில் வரும். குறித்துக் கேட்க வேண்டும். பீங்கான் பட்டறைகளுக்கு ஆண்டுதோறும் நடமாடும் எக்ஸ்-ரே வண்டி வர வேண்டும். இருமல் விசாரிக்கும்போது தொழிலும் ஆண்டும் எழுதப்பட வேண்டும். எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர், எத்தனை பேருக்கு நோய் காணப்பட்டது என்னும் எண்ணிக்கை அடுத்த சபையில் படிக்கப்பட வேண்டும். இம்மூன்றும் தீர்மானமாக எழுதப்பட வேண்டும். கணக்குக் கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்கும் பாத்தியதை உண்டு.

ஓர் எச்சரிக்கை. வீட்டுக்கு நேரில் வரும் செவிலியர் வேறு; தொலைபேசியில் அழைத்து வங்கிக் கணக்கையும் ரகசிய எண்ணையும் கேட்பவன் வேறு. பின்னவனுக்கு ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். இல்லாத நோயை உண்டென்று எழுதச் செய்வதும் கூடாது. ஒரு பொய் நூறு மெய்யைக் கெடுக்கும்.

சங்கத்தார் செய்ய வேண்டுவன யாவை? நோயாளிகளின் பெயர்ப் பட்டியலைச் சங்கம் வைத்துக் கொள்ளலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். வரன் தேடுவோர் வந்து போகும் இடத்தில் அப்புத்தகம் இருத்தல் ஆபத்து. பெயர் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும். நாம் துணைக்கு ஆள் அனுப்புவோம். பட்டறை முதலாளிகளாக உள்ள நம்மவர், உலர்ந்த தரையைப் பெருக்காமல் நீர் தெளித்துத் துடைக்கவும், மாவு கொட்டுமிடத்தில் தூசியை இழுக்கும் விசிறி வைக்கவும், முகத்தில் கட்டும் துணிக்குப் பதிலாகத் தக்க முகக்கவசம் கொடுக்கவும் முன்வர வேண்டும். பரிசோதனைக்கு அழைக்கும்போது நம் குலத்தாரை மட்டும் அழைத்தல் தகாது. ஒரே கூரையின்கீழ்ப் பல வகுப்பாரும் வேலை செய்கிறார்கள். தூசி ஜாதி பார்த்து நுழைவதில்லை.

பெரியோர்களே! பானை வாங்குகிறவர் விரலால் தட்டி ஓசை கேட்பார். விரிசலை வர்ணம் பூசி மறைத்தால் சந்தையில் விலை போகலாம்; அடுப்பில் ஏற்றிய அன்று சோறும் போகும், நெருப்பும் அவியும். நம் குடும்பங்களின் விரிசலை நாமே தட்டிப் பார்த்து, உரியவரிடம் சொல்லி, உரிய பரிகாரத்தைக் கேட்டுப் பெறுவோமாக. அடுத்த முறை செவிலியர் வாசலில் நின்று கேட்கும்போது, உள்ளறையில் இருப்பவரையும் வெளியே அழைத்து உட்கார வையுங்கள்.

 சங்கம் வாழ்க! குடும்பங்கள் க்ஷேமமாய் விளங்குக!